சிறு நூலகத்தின் அட்டவணை எதைப் பதிய வேண்டும்?

1. கேள்வி

ஒரு வாடகை அறை, இரண்டாயிரத்திலிருந்து ஐயாயிரம் வரை நூல்கள், கயிறு போட்டுக் கட்டிய பழைய இதழ்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கைகொடுக்கும் இரண்டு மூன்று பேர். எழுத்தாளர்களும் இலக்கிய வாசகர்களும் சேர்ந்து நடத்தும் நூலகத்தின் அளவு பெரும்பாலும் இவ்வளவுதான். இப்படியொரு நூலகத்தை ஒழுங்குபடுத்த முனைகிறவர்கள் முதலில் கேட்பது எந்தப் பகுப்பு முறையைக் கைக்கொள்வது என்பதை. டூயியா, ரங்கநாதனா, அல்லது நாமே வகுத்துக்கொள்ளும் ஒன்றா? அந்தக் கேள்வியிலேயே மாதங்கள் கழிகின்றன. நூல்களின் முதுகில் எண் ஒட்டி முடிப்பதற்குள் உதவிக்கு வந்தவர்களின் ஊக்கம் தீர்ந்துபோகிறது. இதழ்க் கட்டுகள் அவிழ்க்கப்படாமலே அடுத்த வாடகை அறைக்குப் போகின்றன. இக்கட்டுரையின் வாதம் இது: எழுத்தாளர்களுக்கான சிறு நூலகத்தில் அலமாரிப் பகுப்பு இரண்டாம்பட்சமான வேலை. கைவசமுள்ள சொற்ப உழைப்பில் பெரும்பங்கு ஒவ்வொரு தொகுப்புக்கும் இதழுக்கும் உள்ளே இருக்கும் தனித்தனிப் படைப்புகளைப் பதிவதற்கே போக வேண்டும்.

இதற்கு அடிப்படை, எழுத்தாளர் நூலகத்துக்குக் கொண்டுவரும் கேள்வியின் தன்மை. பொதுவாசகர் ஒரு நூலைத் தேடி வருகிறார். அல்லது ஒரு பொருளைப் பற்றி ஏதாவது நூல் கிடைக்குமா என்று பார்க்க வருகிறார். எழுதுகிறவர் கேட்பது பெரும்பாலும் நூலைவிடச் சிறிய ஒன்றை. இந்தக் கதை முதலில் எந்த இதழில் வந்தது? தொகுப்பில் சேரும்போது திருத்தப்பட்டதா? இந்தக் கவிதைக்கு அன்று யார் மறுப்பு எழுதினார்? இந்த ரஷ்யக் கதைக்கு நம் மொழியில் எத்தனை பெயர்ப்புகள் உண்டு? நூலின் தலைப்பையும் ஆசிரியரையும் மட்டும் பதிந்த அட்டவணை இவற்றில் ஒன்றுக்கும் பதில் சொல்லாது. நூலின் முதுகிலிருக்கும் பகுப்பெண்ணும் சொல்லாது.

2. வழக்கிலுள்ள முறைகளும் அவற்றின் எல்லையும்

தமிழ் அச்சு நூல்களைப் பொருள்வாரியாகப் பகுத்துப் பட்டியலிடும் முயற்சி ஜான் மர்டாக் 1865-இல் சென்னையில் வெளியிட்ட நூற்பட்டியலிலிருந்தே உண்டு. இரண்டாண்டுகளில், 1867-ஆம் ஆண்டின் அச்சகங்கள், நூல்கள் பதிவுச் சட்டம் வந்தது. அச்சாகும் ஒவ்வொரு நூலும் அரசின் பதிவில் ஏறியது. 1909-இல் பார்னெட்டும் போப்பும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் தமிழ் நூல்களுக்கு அட்டவணை தந்தார்கள். இம்முயற்சிகள் மூன்றும் நூலையே அலகாகக் கொண்டவை. மதப்பிரச்சாரத்துக்காகத் தமிழ் நூலுலகை அளந்தவருக்கும், அச்சைக் கண்காணித்த அரசுக்கும், லண்டன் நூலகத்துக்கும் அந்த அலகு போதுமானதாக இருந்தது. அதையே நாம் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்டோம்.

சீர்காழியில் பிறந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற ரங்கநாதன், நூலகவியலின் ஐந்து விதிகளை 1931-இலும், கோலன் பகுப்பு முறையை 1933-இலும், பகுப்புவழி அட்டவணை விதித்தொகுப்பை 1934-இலும் வெளியிட்டார். அவருடைய பெயர் வந்தாலே பகுப்பு முறையைப் பற்றித்தான் பேச்சு நடக்கிறது. அட்டவணை விதித்தொகுப்பு அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. நூலின் ஒரு பகுதி வேறொரு பொருளைப் பேசினால் அந்தப் பகுதிக்குத் தனிப் பதிவு போட வேண்டும் என்பதில் அவர் விடாப்பிடியாக இருந்தவர். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்ற அவருடைய நான்காம் விதியை மெய்யாகவே எடுத்துக்கொண்டால், நூலின் அட்டைக்கு உள்ளே போகாமல் தீராது. ரங்கநாதனைப் பின்பற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டு எண் ஒட்டுவதோடு நிறுத்துவது அவரைப் பாதி மட்டும் படித்த கதை.

டூயியின் தசமப் பகுப்பு 1876-இல் தொடங்கியது. அதில் தமிழ் இலக்கியத்துக்கான இடம் 894.811. துருக்கி, ஹங்கேரி, பின்லாந்து மொழிகளின் இலக்கியங்களும் இதே 894-க்குள்தான் வருகின்றன. ஐரோப்பாவின் பெரிய மொழிகளுக்குத் தனித்தனி இருக்கை கொடுத்துவிட்டு மிச்சமிருந்தவர்களை ஒரே பெஞ்சில் நெருக்கி உட்காரவைத்த ஏற்பாடு இது. அந்த மனத்தாங்கல் ஒருபக்கம் இருக்கட்டும். நடைமுறைச் சிக்கல் வேறு. எழுத்தாளர்களுக்கான நூலகத்தில் பெரும்பாலான நூல்கள் தமிழ் இலக்கியமாகவே இருக்கும். ஆகவே ஏறக்குறைய எல்லா முதுகுகளிலும் முதல் ஆறு இலக்கங்கள் ஒன்றாகவே இருக்கும். வேறுபாடு ஏழாவது இலக்கத்தில்தான் தொடங்கும். அந்த ஏழாவது இலக்கம் சொல்வது 1 என்றால் கவிதை, 2 என்றால் நாடகம், 3 என்றால் புனைகதை, 4 என்றால் கட்டுரை என்பதை. அலமாரியின் மேல் 'கவிதை', 'நாடகம்', 'கதை', 'கட்டுரை' என்று நான்கு அட்டைகள் எழுதி ஒட்டினால் இந்த வேலை முடிந்தது. லட்சக்கணக்கான நூல்களும் எல்லாத் துறைகளும் உள்ள இடத்தில் தசமப் பகுப்பு செய்யும் உதவியை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரே ஒரு கிளையில் மட்டும் செழித்திருக்கும் சேகரிப்பில் அதற்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

கோலன் முறை இலக்கியத்தை மொழி, வடிவம், ஆசிரியர், படைப்பு என்று படிப்படியாகப் பிரிக்கிறது. ஆசிரியரைக் குறிக்க அது பயன்படுத்துவது அவர் பிறந்த ஆண்டு. தமிழ் நூலகத்துக்கு இது எதிர்பாராத ஒரு நன்மையைத் தருகிறது. வண்ணதாசன் என்ற பெயரில் கதைகளும் கல்யாண்ஜி என்ற பெயரில் கவிதைகளும் எழுதுகிறவர் ஒருவரே. அகரவரிசையில் அடுக்கினால் ஒரு நூல் 'வ'விலும் மற்றொன்று 'க'விலும் போய்விடும். பிறந்த ஆண்டான 1946-ஐக் கொண்டு குறித்தால் இரண்டுக்கும் ஆசிரியர் குறி ஒன்றே. புனைபெயர் மலிந்த ஒரு மொழியின் சிக்கலை, அதற்கென்றே திட்டமிடாத ஒரு முறை, போகிற போக்கில் தீர்த்துவிடுகிறது. ஆனால் வடிவம் ஆசிரியருக்கு முன்னால் வருவதால் அவருடைய கவிதைகளும் கதைகளும் அப்போதும் வெவ்வேறு தட்டுகளில்தான் இருக்கும். எந்த அடுக்கு முறையானாலும் ஒன்றைச் சேர்க்க வேறொன்றைப் பிரித்தாக வேண்டும். ஒரு நூல் ஒரே இடத்தில்தான் நிற்க முடியும். அதைப் பற்றிய பதிவு பத்து இடங்களில் இருக்கலாம். அட்டவணையை நம்பச் சொல்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

இவ்விரண்டுக்கும் வெளியே, நம்மிடையே நெடுங்காலமாக உள்ள இன்னொரு முறை சேகரிப்பாளரின் நினைவு. கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்த பெருந்திரட்டு இதற்குச் சிறந்த சான்று. 1992-இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்திரட்டை வாங்கியது. 1994-இல் சென்னையில் அது ஆய்வு நூலகமாயிற்று. தனியொருவர் சேர்த்த நூல்களை அவரில்லாதபோதும் பிறர் பயன்படுத்தும்படி செய்ய ஒரு நிறுவனமும் பயிற்சிபெற்ற அட்டவணையாளர்களும் தேவைப்பட்டார்கள். எல்லாத் திரட்டுகளுக்கும் அந்த வாய்ப்பு அமைவதில்லை. 'எது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்' என்பவர் இருக்கும்வரைதான் நூலகம் நூலகமாக இருக்கும். அவருக்குப் பிறகு அது எடைக்குப் போடும் காகிதமாவதற்கு அதிக நாள் ஆவதில்லை.

3. பெயர்களின் சிக்கல்

நூலட்டவணையின் முதல் தலைப்பு ஆசிரியர் பெயர். ஐரோப்பிய அட்டவணை விதிகள் குடும்பப் பெயரை முன்னால் வைப்பவை. அந்தப் பழக்கத்தில் அமைந்த மென்பொருள், பெயரின் கடைசிச் சொல்லைப் பிடித்து முன்னால் போட்டு, சுந்தர ராமசாமியை 'ராமசாமி, சுந்தர' ஆக்கும். எந்த வாசகரும் அவரை அப்படித் தேடியதில்லை. தி. ஜானகிராமனையும் கி. ராஜநாராயணனையும் தலைப்பெழுத்தைப் பின்னால் தள்ளி, இயற்பெயரின் முதலெழுத்தில் அடுக்குவது சரி. அது தமிழ் வழக்கத்துக்கும் ஒத்தது. க.நா.சு., சி.சு. செல்லப்பா போன்றோர் தலைப்பெழுத்தோடு சேர்ந்தே மனதில் பதிந்துவிட்டவர்கள். 'க.நா.சு. – சுப்ரமண்யம், க.நா. காண்க' என்று ஒரு வழிகாட்டிப் பதிவு இல்லாமல் தீராது. விதி ஒன்றே போதும்: நூலின் தலைப்புப் பக்கத்தில் உள்ள பெயரில் முதன்மைப் பதிவு, மற்ற எல்லாப் பெயர்களிலிருந்தும் அதற்கு வழிகாட்டி.

புனைபெயரில் இந்த விதியைக் கைவிடாமல் காப்பது கடினம், அவசியமும் கூட. சொ. விருத்தாசலம் கதைகளில் புதுமைப்பித்தன். கவிதைகளில் வேளூர் வே. கந்தசாமிப் பிள்ளை, விவாதக் கட்டுரைகளில் ரசமட்டம். சுந்தர ராமசாமியின் கவிதைகள் பசுவய்யாவின் பெயரில் வந்தன. ந. பிச்சமூர்த்திக்குப் பிக்ஷு என்றொரு பெயர். கணையாழியின் கடைசிப் பக்கத்தில் எழுதிய ஸ்ரீரங்கம் எஸ்.ஆர். வேறு யாருமல்ல, சுஜாதா. பாரதி ஷெல்லிதாசனாகவும் இருந்திருக்கிறார். இப்பெயர்களுக்கு இடையிலான உறவு அந்தந்தத் தலைமுறை வாசகர்களின் பேச்சில் இருக்கிறது. இருபது வயதில் எழுத வரும் ஒருவர் பழைய இதழில் 'ரசமட்டம்' என்ற பெயரைப் பார்த்துவிட்டுப் புரட்டிக்கொண்டு போய்விடக்கூடும். சிறு நூலகம் உருவாக்கக்கூடிய அரிய ஆவணம் ஒன்று உண்டென்றால் அது புனைபெயர்களின் பட்டியல்தான். அதைத் தொகுக்கப் பணம் வேண்டாம். மூத்த எழுத்தாளர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளும் பொறுமை போதும்.

மொழிபெயர்ப்பு நூல்களில் பிறமொழிப் பெயர்களின் எழுத்துக்கூட்டல் தனிச் சோதனை. டால்ஸ்டாயும் தல்ஸ்தோயும் ஒருவர்தான் என்பது அகரவரிசைக்குத் தெரியாது. மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் தமிழ் நூல்கள் மூல ஒலிப்பை ஒட்டியும், நம்மூர்ப் பதிப்பகங்கள் பல ஆங்கிலம் வழியாகவும் எழுதியதன் விளைவு இது. இங்கும் ஒரு வடிவத்தைத் தேர்ந்து மற்றவற்றிலிருந்து வழிகாட்ட வேண்டும். மொழிபெயர்ப்பாளருக்குத் தனிப் பதிவு கட்டாயம். எழுதக் கற்கிறவர்கள் மொழிபெயர்ப்பாளரின் நடையைத் தேடியும் வருகிறார்கள்.

கணினியில் அட்டவணை செய்கிறவர்கள் வரிசையைப் பற்றியும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். யூனிகோடில் எழுத்துகளுக்குத் தரப்பட்ட எண் வரிசை தமிழ் நெடுங்கணக்கோடு ஒத்துப்போவதில்லை. அதில் 'ச'வுக்கு அடுத்து 'ஜ' வருகிறது. 'ந'வுக்கு அடுத்து 'ன' நிற்கிறது. 'ற' 'ர'வை ஒட்டி இருக்கிறது. 'ழ'வுக்கு முன் 'ள' வந்துவிடுகிறது. தமிழ் வரிசைமுறையை அறியாத மென்பொருள் இந்த எண்களின்படியே அடுக்கும். அச்சிட்டு வைக்கும் பட்டியலை ஒருமுறையேனும் கண்ணால் சரிபார்க்காவிட்டால், அகராதி புரட்டிப் பழகியவர் தேடும் பெயர் அவர் எதிர்பார்க்கும் இடத்தில் இருக்காது.

4. இதழ்களும் தொகுப்புகளும்

நவீனத் தமிழ் இலக்கியத்தின் பெரும்பகுதி முதலில் இதழ்களில் வெளிவந்தது. 1933-இல் தொடங்கிய மணிக்கொடி, 1955-இல் வந்த சரஸ்வதி, 1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா தொடங்கிய எழுத்து, 1965-இலிருந்து கணையாழி, 1970-இல் கசடதபற என்று நீளும் வரிசையை நீக்கிவிட்டால் தமிழ்ச் சிறுகதைக்கும் புதுக்கவிதைக்கும் வரலாறு எழுத முடியாது. வல்லிக்கண்ணனின் 'புதுக்கவிதையின் தோற்றமும் வளர்ச்சியும்' இதழ்ப் பக்கங்களின் மீது எழுந்த நூல். புதுமைப்பித்தனின் தொகுக்கப்படாத எழுத்துகளை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அன்னை இட்ட தீ' என்று 1998-இல் வெளியிட்டார். சீனி. விசுவநாதன் பாரதியின் எழுத்துகளைக் காலவரிசையில் பல தொகுதிகளாகக் கொண்டுவந்தார். இப்பணிகளுக்கெல்லாம் மூலாதாரம் யாரோ எங்கோ பத்திரமாக வைத்திருந்த இதழ்ப் பிரதிகள். அவற்றின் உள்ளடக்கத்துக்கு ஓர் அட்டவணை முன்பே இருந்திருந்தால், பக்கம் பக்கமாகப் புரட்டிக் கழிந்த நாட்களில் ஒரு பங்கு மிஞ்சியிருக்கும்.

சிறு நூலகங்களின் பதிவேடுகளில் இந்த இதழ்கள் எப்படி இடம்பெறுகின்றன? 'எழுத்து – 1 கட்டு' என்ற ஒற்றை வரியாக. அந்த ஒரு வரிக்குள் ஒரு தலைமுறைக் கவிஞர்களின் முதல் கவிதைகளும், யாப்பைப் பற்றிய சண்டைகளும், விமரிசனம் என்ற துறையே இங்கு உருவான தடங்களும் அடங்கிக் கிடக்கின்றன. பிச்சமூர்த்தியின் 'பெட்டிக்கடை நாரணன்' கிராம ஊழியனில் வந்து பிறகு எழுத்துவில் மறுபிரசுரம் கண்டது. புதுக்கவிதை எப்போது தொடங்கியது என்று விவாதிப்பவருக்கு இந்த இரண்டு தேதிகளும் வேண்டும். கட்டுக் கணக்கு அவற்றைத் தராது. பல ஆசிரியர் தொகுப்புகளின் நிலையும் இதுதான். செல்லப்பா 1962-இல் வெளியிட்ட 'புதுக்குரல்கள்' தொகுப்பில் 24 கவிஞர்களின் 63 கவிதைகள் உள்ளன. நூலட்டவணையில் அது செல்லப்பாவின் பெயரில் ஒரே பதிவு. மற்ற கவிஞர்கள் அத்தனை பேரும் கண்ணில் படாமல் போகிறார்கள்.

உட்பதிவு என்பது பெரிய வித்தை அல்ல. படைப்பின் தலைப்பு, தலைப்புப் பக்கத்தில் உள்ளபடி ஆசிரியர் பெயர், தெரிந்தால் இயற்பெயர், வகை, இதழ் அல்லது தொகுப்பின் பெயர், மாதமும் ஆண்டும், பக்க எண், மறுபிரசுரமானால் முன்பு வந்த இடம். எட்டே கட்டங்கள். இதில் கடைசிக் கட்டத்தைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். எழுத்தாளருக்கு அதிகம் பயன்படுவது அதுவே. நூல்களுக்கும் இதேபோல் முதற்பதிப்பு ஆண்டு, கையிலுள்ள பதிப்பின் ஆண்டு என்று இரண்டு கட்டங்கள் தேவை. புதுமைப்பித்தனின் முதல் தொகுப்பு 1940-இல் வந்தது. கையிலிருப்பது அண்மைய மறுபதிப்பானால், அதன் ஆண்டை மட்டும் பதிந்த அட்டவணை படிக்கிறவரைத் தவறான காலத்தில் கொண்டுபோய் நிறுத்தும்.

5. மறுப்புகள்

முதல் மறுப்பு உழைப்பைப் பற்றியது: பெரிய நூலகங்களே செய்யத் தயங்கும் வேலையை ஞாயிற்றுக்கிழமைத் தொண்டர்கள் எப்படிச் செய்வார்கள்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எழுத்து மொத்தம் 119 இதழ்கள். இதழுக்குப் பத்துப் படைப்புகள் என்று வைத்தால் ஏறத்தாழ 1,200 பதிவுகள். ஒருவர் மணிக்கு இருபது பதிவுகள் செய்தால் அறுபது மணி நேரம். இருவர் வாரம் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் பத்து வாரம். ஐயாயிரம் நூல்களுக்குப் பகுப்பெண் தேடி எழுதி ஒட்டுவதற்கு இதைவிட அதிக நேரம் பிடிக்கும். பெரிய நூலகங்கள் தயங்குவதற்குக் காரணம் அவற்றிடம் ஆயிரக்கணக்கான இதழ்கள் இருப்பது. சிறு நூலகத்திடம் ஐந்தாறு இதழ்களின் தொகுதிகளே இருக்கும். அதன் சிறுமையே இங்கு அதன் வலிமை.

இரண்டாவது மறுப்பு கனமானது. இதழ்கள் எண்மப்படுத்தப்படுகின்றன, ஒளிவழி எழுத்துணரி தமிழையும் படிக்கிறது, நாளை எந்தச் சொல்லையும் தட்டித் தேடிக்கொள்ளலாம், பிறகெதற்கு இந்தக் கையுழைப்பு என்பது அது. இதில் உண்மை உண்டு. 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் இணையத்தில் ஏற்றியிருப்பது தமிழில் நடந்த பெரும்பணிகளில் ஒன்று. ஆனாலும் 1978-இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணா, றா, லை, னை வடிவங்களும், மங்கிய மலிவுத் தாளும், கைக்கோத்த அச்சும் எழுத்துணரியைத் தடுமாறவைக்கின்றன. அது நாளை முழுக்கச் சரியாகிவிடும் என்றே கொள்வோம். அப்போதும் தேடல் பொறி பக்கத்தில் அச்சான சொல்லை மட்டுமே கண்டுபிடிக்கும். 'ரசமட்டம்' யார் என்பதோ, இந்தக் கதை வேறொரு தலைப்பில் முன்பு வந்திருக்கிறது என்பதோ, பெயரில்லாத ஒரு தலையங்கத்தை எழுதியவர் யார் என்பதோ பக்கத்தில் அச்சாகவில்லை. அந்த அறிவு மனிதர்களிடம் இருக்கிறது; எழுதி வைக்காவிட்டால் அவர்களோடு போகும்.

தரப்படுத்தல் பற்றியும் கேட்கலாம். ஒவ்வொரு நூலகமும் தன் விருப்பப்படி பதிந்தால் நாளை அட்டவணைகளை இணைக்க முடியுமா? முடியும். உலகெங்கும் வழங்கும் மார்க் 21 வடிவத்திலேயே உள்ளடக்கக் குறிப்புக்கு 505 என்ற புலமும், ஒரு படைப்பு எந்த இதழில் அடங்கியது என்று சொல்ல 773 என்ற புலமும் உண்டு. கட்டங்கள் தெளிவாகப் பிரிந்திருந்தால் எளிய விரிதாளிலிருந்து கோஹா போன்ற கட்டற்ற நூலக மென்பொருளுக்கு மாற்றுவது பின்னால் செய்யக்கூடிய வேலை. எல்லாவற்றையும் ஒரே கட்டத்தில் திணித்து எழுதினால்தான் மீட்சியில்லை.

அலமாரியைப் புறக்கணித்தால், ஒன்றைத் தேடப்போய் இன்னொன்றைக் கண்டெடுக்கும் வாய்ப்பு போய்விடும் என்பார்கள். நியாயமான கவலை. ஆனால் அலமாரியைக் குழப்பமாக விட்டுவிடும்படி இக்கட்டுரை சொல்லவில்லை. வடிவவாரியாகப் பிரித்து, உள்ளே ஆசிரியர் பெயரின் அகரவரிசை; தொல்காப்பியம், குறள் போன்ற நூல்களில் மட்டும் மூலத்தின் பெயரில் எல்லா உரைகளும் ஓரிடத்தில். இளம்பூரணரையும் நச்சினார்க்கினியரையும் தனித்தனி ஆசிரியர்களாக வெவ்வேறு தட்டில் வைப்பது தமிழ் படிக்கும் முறைக்கே விரோதம். ஒரு வார இறுதியில் முடிந்துவிடும் இந்த ஏற்பாடு தற்செயலான கண்டடைதலுக்குப் போதும்.

6. செய்யவேண்டியவை

வரிசை முக்கியம். முதலில் வரவுப் பதிவேடு: ஒவ்வொரு நூலுக்கும் இதழுக்கும் ஒரு தொடரெண், வந்த நாள், கொடுத்தவர் பெயர். எழுத்தாளர்களின் சொந்தச் சேகரிப்பிலிருந்து வரும் நூல்களில் ஓரக்குறிப்புகள் இருக்குமாதலால், கொடுத்தவர் பெயர் வெறும் நன்றிக்குறிப்பு ஆகாது. ஓர் எழுத்தாளர் எதைப் படித்தார், எங்கே கோடிட்டார் என்பதற்கு அதுவே சாட்சி. அடுத்தது மேலே சொன்ன நான்கு அட்டை அலமாரி. மூன்றாவதாகப் புனைபெயர்ப் பட்டியல். அதன் பிறகு உட்பதிவு. அதிலும் வேறெங்கும் எளிதில் கிடைக்காத இதழிலிருந்து தொடங்க வேண்டும். வட்டாரத்தில் நாலைந்து இதழ்களோடு நின்றுபோன ஒரு சிற்றிதழ் உங்கள் ஊரில் மட்டுமே இருக்கக்கூடும். கணையாழியை வேறு யாராவது பதிவார்கள். அதைப் பதிய உங்களை விட்டால் ஆளில்லை. தனியொருவர் விடாமுயற்சியோடு எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு, தொகுதிக்கு ஆயிரம் பதிவுகளாக ஈழத்து நூல்களை விவரித்துவரும் என். செல்வராஜாவின் 'நூல்தேட்டம்' நம் காலத்துச் சான்று.

அட்டவணையின் பிரதி நூலகத்துக்கு வெளியே இருக்க வேண்டும். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. நூல்களைக் காக்க முடியாத நேரத்திலும், என்ன இருந்தது என்ற பட்டியல் வேறிடத்தில் இருந்தால் மீண்டும் தேடிச் சேர்ப்பதற்கு வழியுண்டு. வெள்ளமும் கரையானும் வாடகை ஒப்பந்தம் முடிவதும் சிறு நூலகங்களுக்கு அன்றாட ஆபத்துகள். ஆண்டுக்கொருமுறை அட்டவணையை அச்சிட்டு வேறு இரண்டு ஊர்களுக்கு அனுப்பி வைப்பதில் ஆகும் செலவு அற்பம்.

சிற்றிதழ்த் தொகுதிகளை வீட்டில் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். இதழ்களைக் கைவிட்டுக் கொடுக்க மனம் வராதது இயல்பு, கொடுக்க வேண்டியதில்லை. ஒவ்வோர் இதழின் உள்ளடக்கப் பக்கத்தையும் கைப்பேசியில் படமெடுத்து, அருகிலுள்ள ஒரு சிறு நூலகத்துக்கு அனுப்புங்கள். உள்ளடக்கப் பக்கம் இல்லாத இதழானால் தலைப்புகளையும் பெயர்களையும் ஒரு தாளில் எழுதி, உங்களுக்குத் தெரிந்த இயற்பெயர்களை எதிரில் குறித்து அனுப்புங்கள்.